விதானத்தில் விரியும் ஜினகாஞ்சி

கேள்வி: ஜினகாஞ்சி எனப்படும் திருப்பருத்திக்குன்றத்தின் சமணக் கோயில் ஓவியத்தில் கண்ணன் எப்படி வந்தார்?

பதில்: உறவுமுறையில் வந்தார். 22-ஆம் தீர்த்தங்கரர் நேமிநாதர், சமண மரபில் கண்ணனுக்குப் பெரியப்பா மகன். அதனால் கண்ணனின் பிள்ளைப் பருவக் கதையும் சமணர்களின் கதைதான். விஜயநகர அமைச்சர் இருகப்பர் 1387-88-இல் கட்டிய சங்கீத மண்டபத்தில் அண்ணாந்து பாருங்கள். ரிஷபர், வர்த்தமானர் ஆகிய தீர்த்தங்கரர்களின் வரலாறும் வரிசை வரிசையாக ஓடுகிறது; காட்சிக்குக் கீழே தமிழில் குறிப்பும் உண்டு. தீட்டியவர்கள் ஊராரிடம் பேசியிருக்கிறார்கள்! ஊர்வலம், ஆடல் மகளிர், ஆடைக் கோலம் எல்லாம் அவர்கள் கண்ட தமிழ்நாடு. காஞ்சியின் சமண வாழ்வை அறிய இதைவிட நெருக்கமான சான்று எனக்குத் தெரியவில்லை. காஞ்சிக்குப் பட்டு வாங்கப் போகிறவர்கள் இங்கேயும் அவசியம் போக வேண்டும்.