உள்ளங்கையில் ஒரு மலை வண்டி

கீழ்க்காணும் கட்டுரையை வாசித்துப் புரிந்து கொள்க.

பகாங் மாநிலத்தின் கேமரன் மலையில் வடக்குப் பகுதியில் அமைந்துள்ள சிற்றூர் கம்போங் ராஜா. ஈப்போவை அடுத்த சிம்பாங் பூலாயிலிருந்து மலையேறி வருபவர்கள் இவ்வூரைக் கடந்துதான் பிரிஞ்சாங், தானா ராத்தா ஆகிய ஊர்களுக்குச் செல்கின்றனர். சுற்றிலும் காய்கறித் தோட்டங்கள். சற்றுத் தொலைவில் புளூ வேலி தேயிலைத் தோட்டம். சாலையோரம் சிறிது நேரம் நின்றால் போதும். கோசும் தக்காளியும் நிரம்பிய கூடைகளைச் சுமந்துகொண்டு, சேறு படிந்த பழைய லேண்ட்ரோவர் ஒன்று முனகியபடி மேடேறிச் செல்வதைக் காணலாம்.

அந்த வண்டியை முப்பத்தைந்தில் ஒரு பங்காகச் சுருக்கிச் செய்தால் அது நம் உள்ளங்கையில் நிற்கும். இவ்வாறு உண்மைப் பொருளை ஒரே விகிதத்தில் சிறிதாக்கிச் செய்வதே உருமாதிரிக் கலை. இதற்கு என்னென்ன கருவிகள் வேண்டும்? எதை முதலில் வாங்க வேண்டும்? எதை வாங்காமலே சமாளிக்கலாம்?

அளவே அடித்தளம்

உருமாதிரிப் பெட்டியின் மேல் 1/72, 1/48, 1/35, 1/24 போன்ற எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். 1/72 என்றால் உண்மைப் பொருளின் ஆறு அடி, உருமாதிரியில் ஓர் அங்குலம். 1/48 என்றால் நான்கு அடிக்கு ஓர் அங்குலம். 1/24 என்றால் இரண்டு அடிக்கு ஓர் அங்குலம். 1/35 மட்டும் இந்தக் கணக்கில் அடங்காது. ஜப்பானின் ஷிசுவோக்கா நகரில் 1946-இல் மரத்தொழில் நிறுவனமாகத் தொடங்கிய டாமியா, 1960-களின் தொடக்கத்தில் ஒரு பீரங்கி வண்டியின் உருமாதிரியை வெளியிட்டது. அதனுள் மின்கலமும் சிறு மோட்டாரும் அடங்க வேண்டும் என்பதற்காகத் தேர்ந்தெடுத்த அளவு 1/35 ஆக அமைந்தது. பின்னர் அதுவே உலகெங்கும் வழக்கமாகிவிட்டது.

இப்போது லேண்ட்ரோவருக்கு வருவோம். 1948-இல் ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமான இவ்வண்டியின் வகைகள், முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலான தூரத்தைக் கொண்டே அழைக்கப்படுகின்றன. 88 அங்குல வண்டியில் அத்தூரம் 2,235 மில்லிமீட்டர். அதை 35-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 64 மில்லிமீட்டர். 109 அங்குல வண்டியில் 2,769 மில்லிமீட்டர். வகுத்தால் 79 மில்லிமீட்டர். ஆகவே, உருமாதிரியாளரின் முதல் கருவிகள் அளவு நாடாவும் கணிப்பானும்தான்.

பெட்டிக்குள் இருப்பது நம் வண்டியா?

டாமியா 1/35 அளவில் ஒரு லேண்ட்ரோவரை வெளியிட்டுள்ளது. ஆனால், அது பிரிட்டிஷ் இராணுவத்தின் பாலைவன வண்டி. துப்பாக்கிகள் பொருத்தப்பட்டு இளஞ்சிவப்புச் சாயம் பூசப்பட்டது. ரெவெல் நிறுவனம் 1/24 அளவில் 109 அங்குல வண்டியை வெளியிட்டுள்ளது. இவற்றுள் எதை வாங்கினாலும் கம்போங் ராஜாவில் ஓடும் வண்டி அப்படியே கிடைத்துவிடாது. பின்புறத்தில் கூடை அடுக்கும் இரும்புச் சட்டம், கித்தான் கூரை, கயிறு, நசுங்கிய கதவு ஆகியவற்றை நாமே அளந்து, மெல்லிய பிளாஸ்டிக் தகட்டாலும் அட்டையாலும் செய்து சேர்க்க வேண்டும். வண்டி உரிமையாளரிடம் அனுமதி பெற்று அளவெடுங்கள். படம் பிடிக்கும்போது வண்டியின் பக்கத்தில் ஓர் அடிக்கோலை வைத்துக்கொண்டால், விடுபட்ட அளவுகளைப் பின்னர் படத்திலிருந்தே ஓரளவு கணக்கிடலாம்.

தொடக்கக் கருவிகள்

பெட்டியைத் திறந்தால், பாகங்கள் ஒரு பிளாஸ்டிக் சட்டகத்தில் கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கும். அச்சிலிருந்து எளிதில் கழல்வதற்காகப் பூசப்பட்ட எண்ணெய்ப் பசை அவற்றின்மீது படிந்திருக்கக்கூடும். எனவே, முதலில் சவர்க்கார நீரில் கழுவி உலர்த்த வேண்டும். அதன்பின் தேவைப்படுபவை ஐந்து.

முதலாவது, தட்டையான முனையுடைய சிறு வெட்டுக்குறடு. பாகத்தைக் கையால் முறித்து எடுத்தால் விளிம்பு பிய்ந்துவிடும். முதல் வெட்டைப் பாகத்திலிருந்து சற்றுத் தள்ளியும் இரண்டாம் வெட்டை அதற்கு அருகிலும் வெட்ட வேண்டும். இரண்டாவது, கூரிய கைவினைக் கத்தி. மூன்றாவது, உப்புத்தாள். 400 எண்ணில் தொடங்கி 600, 1000 எனப் படிப்படியாக நுண்மையான தாளுக்கு மாறினால் வெட்டின் தழும்பு மறையும். நான்காவது, சிறு பாகங்களைப் பிடிக்கும் இடுக்கி. ஐந்தாவது, மேசையையும் கத்தி முனையையும் காக்கும் ரப்பர் விரிப்பு.

மற்றவற்றை வீட்டிலேயே தேடிக்கொள்ளலாம். ஒட்டிய பாகங்கள் காயும்வரை இறுக்கிப் பிடிக்கத் துணிக்கவ்வி போதும். சாயம் பூசும்போது பாகத்தைச் செருகிப் பிடிக்கச் சாத்தே குச்சி உதவும். சாயம் கலக்கப் பல்குத்தும் குச்சியும் போத்தல் மூடியும் இருக்கின்றன. விலையுயர்ந்த காற்றுத் தூரிகையை முதல் நாளே வாங்க வேண்டியதில்லை. நல்ல தூரிகை ஒன்றால், நீர்த்த சாயத்தை மெல்லிய பூச்சுகளாக மூன்று முறை பூசினால் முதல் வண்டி அழகாகவே அமையும்.

மூன்று பசைகள்

பெரும்பாலான உருமாதிரிகள் பாலிஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை. இதற்கான சிறப்புப் பசை வெறுமனே ஒட்டுவதில்லை. இரு பாகங்களின் மேற்பரப்பையும் கரைத்து ஒன்றோடொன்று கலக்கச் செய்கிறது. கரைப்பான் ஆவியானதும் இரண்டும் ஒரே துண்டாக இறுகிவிடும். ஆகவே, பசை தடவுவதற்கு முன் பாகங்களைப் பொருத்திப் பார்ப்பது கட்டாயம்.

உலோகத்தையும் ரப்பரையும் ஒட்ட விரைவுப் பசை ஏற்றது. இது காற்றிலுள்ள ஈரத்தால் இறுகும். இதன் ஆவி கண்ணாடிப் பாகங்களின்மீது வெண்மையாகப் படியக்கூடும். எனவே, வண்டியின் முன் கண்ணாடியை ஒட்ட, காய்ந்ததும் நிறமற்றதாகும் வெள்ளைப் பசையே சிறந்தது.

இங்கு ஓர் எச்சரிக்கை. சிறப்புப் பசையின் ஆவியைத் தொடர்ந்து சுவாசிப்பது உடலுக்குக் கேடு. குளிருக்காகச் சன்னல்களை அடைத்துக்கொண்டு வேலை செய்யக் கூடாது. கத்தியை எப்போதும் கைக்கு எதிர்ப்புறமாகவே செலுத்த வேண்டும். மழுங்கிய அலகை உடனே மாற்ற வேண்டும். மழுங்கிய கத்திக்கு அதிக அழுத்தம் தேவைப்படும். அழுத்தம் கூடும்போதுதான் அது வழுக்கி விரலை வெட்டும்.

மலைக் காற்றும் சாயமும்

கேமரன் மலையில் காற்று குளிர்ச்சியானது, ஈரமும் மிகுதி. மழை நாளில் தெளிப்புச் சாயத்தை அடித்தால், மேற்பரப்பு பனி படர்ந்ததுபோல் வெளிறிப் போகலாம். ஏன்? சாயத்தின் கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பைக் குளிர்விக்கிறது. அப்போது காற்றிலுள்ள நீராவி அதன்மீது படிந்துவிடுகிறது. மூடுபனி விலகி வெயில் காணும் நேரமே சாயம் தெளிக்க உகந்தது. அக்ரிலிக் சாயத்தை நீரால் நீர்த்துப் பயன்படுத்தலாம். தூரிகையையும் நீரிலேயே கழுவலாம். ஆதலால், மாணவர்களுக்கு அதுவே ஏற்றது. ஈரக் காலத்தில் அது காய நேரம் பிடிக்கும். முதல் பூச்சு காய்வதற்குள் இரண்டாவதைப் பூசினால் அடிப்பூச்சு உரிந்து வந்துவிடும்.

துரு எங்கே பிடிக்கும்?

பழைய வண்டி என்றதும் பலர் செம்பழுப்புச் சாயத்தை எடுத்து உடல் முழுவதும் துரு தீட்டிவிடுவார்கள். லேண்ட்ரோவருக்கு அது பொருந்தாது. இரண்டாம் உலகப் போருக்குப்பின் பிரிட்டனில் எஃகு தட்டுப்பாடாக இருந்தது. அதனால், வண்டியின் மேல்தகடுகளுள் பெரும்பாலானவற்றை அலுமினியக் கலவையால் செய்தனர். அலுமினியத்தில் செந்துரு பிடிக்காது. அது நசுங்கும், சாயம் உரிந்தால் மங்கிய வெள்ளி நிறத்தில் தெரியும். அடிச்சட்டம், முன்தடுப்பு, கீல்கள் ஆகியவை எஃகாலானவை. துரு பிடிப்பது அங்கேதான். இதை அறிந்தவர் தீட்டிய உருமாதிரியைப் பார்த்தால், அந்த வண்டியை ஓட்டியவரே தலையசைப்பார். அறியாதவர் எத்தனை விலையுயர்ந்த சாயம் வாங்கினாலும் அது வேறு ஏதோ வண்டியாகவே நிற்கும்.

தேயிலைச் சரிவை அமைத்தல்

வண்டி முடிந்ததும் அது நிற்க ஓர் இடம் வேண்டும். கவாத்து செய்யாமல் விட்டால் தேயிலை மரமாக வளர்ந்துவிடும். கொழுந்து எடுப்பதற்காக அதை இடுப்பளவு உயரத்தில் வைத்திருப்பார்கள். ஒரு மீட்டர் உயரச் செடி 1/35 அளவில் ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர். பாத்திரம் கழுவும் பஞ்சைப் பிய்த்துப் பச்சைச் சாயத்தில் தோய்த்து உலர்த்தினால் செடிகள் தயார். மண்ணுக்கும் சருகுக்கும் வெளியே அலைய வேண்டாம். வடிகட்டிய தேயிலைத் தூள் இருக்கிறது. அதை நன்றாக உலர்த்தாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும்.

காலத்தையும் கவனிக்க வேண்டும். கேமரன் மலையில் போ தேயிலை நிறுவனம் 1929-இல் தொடங்கப்பட்டது. அக்காலக் காட்சியை அமைப்பவர் அதில் லேண்ட்ரோவரை நிறுத்தினால் அது வரலாற்றுப் பிழையாகும். இருவர் பிடித்துக்கொண்டு கொழுந்து வெட்டும் இயந்திரத்தைக் காட்டினால், அது அண்மைக் காலக் காட்சி. செடிகளுக்கிடையே நிற்கும் தொழிலாளரை எவ்வளவு உயரத்தில் செய்வது, கையில் எதைக் கொடுப்பது என்பதை வீட்டிலுள்ள தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். தோட்டத்தில் உழைத்தவர்களின் நினைவைவிடச் சிறந்த வழிகாட்டி எந்தப் பெட்டிக்குள்ளும் இல்லை.

பழைய வண்டிகள் ஒவ்வொன்றாக ஓய்வு பெறும். தோட்டத்து வரிசை வீடுகளும் மாறிக்கொண்டே வரும். இன்று நாம் அளந்து குறித்துக்கொள்ளும் எண்கள் நாளை வேறெங்கும் கிடைக்காமல் போகலாம். அப்போது, சரியாகச் செய்யப்பட்ட ஓர் உருமாதிரி நம் ஊரைப் பற்றிய ஆவணமாக நிற்கும். ‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்பது பழமொழி. கருவியைக் குறை சொல்வதற்கு முன், பொருளை உற்றுப் பார்த்தோமா என்று கேட்டுக்கொள்வோம். பதறாத காரியம் சிதறாது.

சொற்பொருள்

உருமாதிரி – உண்மைப் பொருளை ஒரே விகிதத்தில் சுருக்கிச் செய்த வடிவம்
சட்டகம் – பாகங்களைத் தாங்கி நிற்கும் கம்பி போன்ற அமைப்பு
கரைப்பான் – பிற பொருளைக் கரைக்கும் திரவம்
கவாத்து – செடியின் கிளைகளை வெட்டிச் சீராக்குதல்

கருத்துணர் வினாக்கள்

1. 109 அங்குல லேண்ட்ரோவரின் இரு அச்சுகளுக்கு இடையிலான தூரம் 1/24 அளவில் எத்தனை மில்லிமீட்டர் இருக்கும்? கணக்கிட்டு எழுதுக.
2. முன் கண்ணாடியை ஒட்ட விரைவுப் பசை ஏன் ஏற்றதன்று?
3. லேண்ட்ரோவரின் உடல் முழுவதும் துரு தீட்டுவது பிழை என்று கட்டுரையாளர் கூறக் காரணம் என்ன?
4. ‘சரியாகச் செய்யப்பட்ட ஓர் உருமாதிரி நம் ஊரைப் பற்றிய ஆவணமாக நிற்கும்.’ இக்கூற்றை நீ ஏற்கிறாயா? உன் வட்டாரத்தில் மறைந்துவரும் ஒரு பொருளைச் சான்றாகக் கொண்டு விளக்குக.