கார் பரிசும் டெபாசிட்டும்

கேள்வி: ஒரு லட்ச ரூபாய் டெபாசிட் போட்டால் குலுக்கலில் கார் விழலாம் என்று எங்கள் ஊர் நிதி நிறுவனத்தின் ஏஜென்ட் நச்சரிக்கிறார். போடலாமா?
வாசகி, தேனி

பதில்: வேண்டாம், சகோதரி. குலுக்கல், லாட்டரி, இலவசச் சுற்றுலா என்று ஆசை காட்டி டெபாசிட் திரட்ட வங்கிகளுக்கே ரிசர்வ் வங்கி அனுமதி தரவில்லை. 250 ரூபாய்க்கு மிகாத சிறு அன்பளிப்பு தரலாம், அவ்வளவுதான். பரிசுச் சீட்டுத் திட்டங்களுக்கு 1978-லேயே தடைச் சட்டம் வந்துவிட்டது.

பிரிட்டனில் 1956 முதல் 'பிரீமியம் பாண்ட்' விற்கிறார்களே என்று ஏஜென்ட் கேட்கலாம். அங்கே வட்டிக்குப் பதிலாகத்தான் குலுக்கல். போட்ட அசலுக்கு அரசாங்கமே பொறுப்பு. உங்கள் அசலுக்கு யார் பொறுப்பு? வங்கி டெபாசிட்டுக்கு 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. நிதி நிறுவன டெபாசிட்டுக்கு அது கிடையாது. வாசலில் ரிப்பன் கட்டி நிற்கும் அந்தக் காரையும் உங்களைப் போன்றவர்கள் போட்ட பணத்தில்தான் வாங்கியிருப்பார்கள்.

பொதுமக்களிடம் டெபாசிட் வாங்க ரிசர்வ் வங்கி கொடுத்த அனுமதியைக் காட்டச் சொல்லுங்கள். மழுப்பினால், ரிசர்வ் வங்கியின் 'சச்சேத்' இணையதளத்தில் உடனே புகார் கொடுங்கள்.