கப்பலைத் தின்னாத கடல்

கே: கருங்கடலின் அடியில் 2,400 வருடத்துக்கு முந்தைய மரக்கப்பல் பாய்மரத் தண்டோடு அப்படியே கிடக்கிறதாமே! எல்லாம் உப்பின் மகிமைதானே? ஊறுகாய் கெடாமல் இருப்பது போல? (தூத்துக்குடி வாசகர்)

ப: உப்பளத்து ஊர்க்காரர் உப்புக்கு வக்காலத்து வாங்குவது நியாயம்தான். ஆனால் விஷயம் நேர் எதிர். கடலில் உப்பு இருந்தால்தான் மரக்கப்பலுக்கு ஆபத்து. காரணம், கப்பல் புழு. (எதைக் கேட்டாலும் கடைசியில் ஒரு ஜந்துவில் கொண்டுபோய் நிறுத்துகிறேன் என்று ஆசிரியருக்கு என்மேல் வருத்தம். இந்த முறை ஆரம்பத்திலேயே நிறுத்திவிட்டேன்.)

உருவத்தில் புழு, குலத்தில் சிப்பி. ஓடு சுருங்கித் தலைமாட்டில் இரண்டு சின்ன அரங்களாகிவிட்டது. அவற்றால் மரத்தை ராவிக்கொண்டே உள்ளே போகும். செவுளில் குடியிருக்கும் பாக்டீரியா மரத்தூளைச் செரிக்க உதவும். கொலம்பஸ் நாலாவது பயணத்தில் 1503-இல் ஜமைக்காவில் கரைதட்டி ஒரு வருடம் மாட்டிக்கொண்டாரே, அது இந்தப் பிராணி கப்பல்களைச் சல்லடையாக்கியதால்தான். அதே பிராணி தலையால் குடைந்து, பின்னாலேயே சுண்ணாம்பு பூசிக்கொண்டு போகும் சாமர்த்தியத்தைப் பார்த்துத்தான் மார்க் புரூனல் என்ற பொறியாளருக்கு யோசனை பிறந்தது. விளைவு, 1843-இல் லண்டனில் தேம்ஸ் நதிக்கு அடியில் சுரங்கப்பாதை. கொலம்பஸைக் கவிழ்த்துவிட்டு புரூனலுக்குப் பாடம் எடுத்த ஆசாமிக்கு இதுவரை எந்த ஊரிலும் சிலை வைத்ததாகத் தெரியவில்லை.

உப்பு குறைந்தால் புழுவுக்கு ஆகாது. பால்டிக் கடல் அப்படிப்பட்டது. 1628-இல் முதல் பயணத்திலேயே ஸ்டாக்ஹோம் துறைமுகத்தைத் தாண்டாமல் மூழ்கிய வாசா என்ற போர்க்கப்பலை 1961-இல் ஏறக்குறைய முழுசாகத் தூக்கினார்கள்.

கருங்கடல் கதை வேறு. டான்யூப், நீப்பர் நதிகள் கொண்டுவந்து கொட்டும் நன்னீர் மேலே நிற்கிறது. மத்தியதரைக் கடலின் கனத்த உப்புநீர் பாஸ்பரஸ் ஜலசந்தியின் அடி வழியாக நுழைந்து கீழே தங்கிவிடுகிறது. இரண்டும் அவ்வளவாகக் கலப்பதில்லை. மேலே ஒரு பக்கம், கீழே எதிர்ப்பக்கம் என்று அந்த ஜலசந்தியில் நீரோட்டம் ஓடுவதை 1680 வாக்கில் மர்சிலி என்ற இத்தாலியர் கயிறு விட்டுச் சோதித்துப் புகழ் பெற்றார். அந்த ஊர் மீனவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த சங்கதி. மீனவரிடம் கேட்டு எழுதிக்கொள்பவர் விஞ்ஞானி ஆகிவிடுவது பழைய வழக்கம்.

கலக்காததால் சுமார் 150, 200 மீட்டருக்குக் கீழே ஆக்சிஜன் போய்ச் சேருவதில்லை. இருப்பது ஹைட்ரஜன் சல்பைடு, அதாவது அழுகிய முட்டை வாடை. புழுவால் மூச்சுவிட முடியாது. கப்பல் பிழைத்தது. அங்கே கப்பல்கள் கெடாமல் இருக்கும் என்று வில்லார்ட் பாஸ்கம் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1970-களிலேயே எழுதிவைத்தார். இறங்கிப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

கே: அது ஒடிசியஸ் ஏறிப் போன கப்பல் என்று வாட்ஸப்பில் வந்தது. உண்மையா? (மதுரை வாசகி)

ப: வாட்ஸப்பில் வந்த பிறகு என்னிடம் எதற்கு? சரி. ஒடிசியஸ் காவிய நாயகன். அவருக்குக் கப்பல் கட்டிக் கொடுத்தது கவிஞர். வதந்தியின் மூலம் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் ஒரு கிரேக்க மண் ஜாடி. கி.மு. 480-ஐ ஒட்டிய வேலைப்பாடு. மோகினிகளின் பாட்டில் மயங்காமலிருக்கத் தன்னைப் பாய்மரத்தில் கட்டிப் போடச் சொன்ன ஒடிசியஸ், அவரைச் சுற்றித் துடுப்புப் போடுகிறவர்கள், மேலே பறவை உடம்போடு மோகினிகள். அந்தச் சித்திரத்தில் உள்ள மாதிரிக் கப்பல்தான் பல்கேரியக் கரைக்கு அப்பால் 2 கிலோமீட்டர் ஆழத்தில் கிடந்தது. நீளம் 23 மீட்டர். தண்டு, சுக்கான், துடுப்புக்காரர் உட்காரும் பலகை எல்லாம் இடத்தில். கரிமச் சோதனையில் வயது கி.மு. 400 வாக்கில் என்று வந்தது.

ஜாடிக்காரர் கப்பலை ஒழுங்காகத்தான் வரைந்திருக்கிறார். மோகினிகளை யாரைப் பார்த்து வரைந்தார் என்பதை ஆராய நிதி கிடைத்தால் நான் போகத் தயார்.

கண்டுபிடித்தவர்கள் கப்பல் தேடிப் போகவும் இல்லை. சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் ஜான் ஆடம்ஸ் தலைமையில், பனியுகத்துக்குப் பிறகு கருங்கடலின் நீர்மட்டம் எப்படி ஏறியது என்று பார்க்கப் போனார்கள். மூன்று வருடத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட கப்பல்கள் அகப்பட்டன: கிரேக்கம், ரோமாபுரி, பைசாண்டியம், ஒட்டோமான். ஒன்றில் கயிறு சுற்றிவைத்தபடியே இருந்தது. ரோபோ எப்படி இறங்கியது, கேமரா என்ன ரகம் என்பதை எல்லாம் விட்டுவிடுகிறேன். எனக்கே கொட்டாவி வருகிறது.

கே: தங்கம் எவ்வளவு? ஏன் இன்னும் மேலே எடுக்கவில்லை? (சேலம் வாசகர்)

ப: கடலடி என்றாலே தங்கம் கேட்பது நமக்குத் தொற்றிய வியாதி. அதே பல்கேரியக் கரையில் 2002-இல் வேறொரு பழைய கப்பலில் கிடைத்த ஜாடிக்குள் என்ன இருந்தது தெரியுமா? பெரிய கெளுத்தி மீனின் எலும்புகள், வெட்டுக்காயங்களோடு. துண்டம் போட்டுக் காயவைத்த மீன். கருவாடு, ஐயா, கருவாடு! கிரேக்க நகரங்கள் எதைத் தின்று தத்துவம் பேசின என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி எந்தப் பொற்காசிலும் கிடைக்காது.

மேலே எடுப்பது பற்றி: வாசாவை எடுத்த பிறகு மரம் சுருங்கி வெடிக்காமலிருக்க, 17 வருடம் மெழுகு போன்ற ரசாயனத்தைத் தெளித்துக்கொண்டே இருந்தார்கள். அப்புறமும் மரத்தில் ஊறியிருந்த கந்தகம் அமிலமாக மாறித் தொல்லை கொடுக்கிறது. கந்தகத்திலேயே கிடக்கும் கருங்கடல் கப்பலைத் தூக்கினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். காசு கொடுத்துக் கெடுப்பானேன்?

கே: நம் பக்கத்துக் கடலில் இப்படி ஏதாவது? (நாகப்பட்டினம் வாசகர்)

ப: தென்னிலங்கையில் அம்பாந்தோட்டைக்கு அருகே கொடவாய என்ற இடத்தில் ஒரு கப்பல். சுமார் 2,000 வருடப் பழமை, ஏறத்தாழ 30 மீட்டர் ஆழம். இந்தியப் பெருங்கடலில் இதுவரை அகப்பட்டவற்றில் மிகப் பழையது. கண்ணாடிக் கட்டிகளும் மண்பாண்டங்களும் கிடைத்தன. மரம் மட்டும் துண்டு துணுக்குதான். வெதுவெதுப்பான உப்புநீர், நிறைய ஆக்சிஜன். மிச்சத்தை யார் சாப்பிட்டார் என்று இன்னொரு முறை சொன்னால் ஆசிரியர் அடிக்க வருவார்.

கே: கப்பல் புழுவை யாராவது சாப்பிடுகிறார்களா? (பெயர் சொல்ல விரும்பாத வாசகர்)

ப: பெயரை மறைக்கும்போதே புரிகிறது. பிலிப்பைன்ஸில் பலாவான் தீவில் அலையாத்திக் காட்டு மரத்தைப் பிளந்து, உள்ளே இருப்பதை உருவி, கழுவி, வினிகரும் மிளகாயும் வெங்காயமும் போட்டுப் பச்சையாகவே சாப்பிடுகிறார்கள். வீட்டில் முயன்று பார்க்க நினைத்தால், தயவுசெய்து கட்டிலை உடைக்காதீர்கள். அதில் இருப்பது கரையான்.