ஜாலான் அம்பாஸ் போன பினாங்குக்காரர்

கேள்வி: சீனாவில் பிறந்த டான் டுன் நியூயார்க்கில் குடியேறினார், 2001-இல் திரையிசைக்கு ஆஸ்கார் வாங்கினார். ஊரை விட்டுப் போனால்தான் இசையமைப்பாளர் வளர முடியுமா?
– வாசகர், ஜார்ஜ்டவுன்

பதில்: நம் ஊர் இசையமைப்பாளரும் நடிகருமான பி. ரம்லியையே எடுத்துக்கொள்வோம். 1929-இல் பினாங்கில் பிறந்தவர், 1948-இல் சிங்கப்பூர் போனார். அன்று இரண்டுமே பிரிட்டிஷ் ஆட்சியில்தானே இருந்தன, அது எப்படி வெளியூர் என்பீர்கள். சரிதான், தூரம் முக்கியமில்லை, போன இடத்தில் என்ன இருந்தது என்பதே முக்கியம். அங்கே ஜாலான் அம்பாஸ் திரைப்பட ஸ்டூடியோவில் முதலாளிகள் சீனர்களான ஷா சகோதரர்கள், இயக்குநர்களில் பலர் இந்தியர், நடித்தவர்கள் மலாய்க்காரர்கள். எல். கிருஷ்ணன் இயக்கிய ‘பக்தி’யில் (1950) ரம்லி கதாநாயகன் ஆனார். (சொல் நம்முடையதுதான்; மலாயில் சேவை என்று பொருள்.) ‘ஹங் துவா’ படத்துக்கு அவர் அமைத்த இசைக்கு 1956-இல் ஆசியத் திரைப்பட விழா விருது கிடைத்தது.

1964-இல் கோலாலம்பூரின் மெர்டேக்கா ஸ்டூடியோவுக்கு மாறியதும் படங்கள் சோபிக்கவில்லை. பீட்டில்ஸ் அலையில் ரசனை மாறியதே காரணம் என்பார்கள். அதிலும் உண்மை உண்டு. ஆனால் திறமை அதேதான். ஜாலான் அம்பாஸில் இருந்த வசதியும் ஆள்பலமும்தான் புது இடத்தில் இல்லை. 1973-இல், 44 வயதில் ரம்லி இறந்தார். அவர் பிறந்த மரவீடு இன்றும் அவர் பெயர் தாங்கிய சாலையிலேயே நிற்கிறது.