சைலன்சர் மாற்றினால் ஹார்ஸ்பவர் கூடுமா? எக்ஸெல்லில் பார்த்துவிடலாம்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர் எக்ஸெல்லைத் திறந்து பார்த்துவிட்டு, "இத்தனை கட்டங்கள் நமக்கு எதற்கு?" என்று மூடிவிடுகிறார்கள். வீட்டுச் செலவுக் கணக்கு எழுதி அலுத்தவர்களுக்காக இந்த மாதம் வேறு ஒரு கணக்கு. உங்கள் வீட்டில் கார் பைத்தியம் பிடித்த தம்பி யாராவது இருந்தால் அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். பல ஆயிரம் ரூபாய் கொடுத்துப் புது சைலன்சர் மாட்டுவதற்கு முன்னால் இந்தக் கணக்கைப் பார்த்துவிடுவது நல்லது.

சைலன்சர் மாற்றினால் சத்தம் மாறும் என்பது எல்லோருக்கும் தெரியும். சக்தி மாறுமா என்பதுதான் கேள்வி. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் உள்ள ஹூண்டாய் தொழிற்சாலையில் உருவான ஒரு காரையே எடுத்துக்கொள்வோம். 2020-ல் வந்த ஐ20 காரின் 1.0 லிட்டர் டர்போ இன்ஜினுக்கு நிறுவனம் சொன்ன சக்தி 120 பி.எஸ். அடுத்த ஆண்டு, அதே இன்ஜினுடன் ஐ20 என் லைன் வந்தது. இதற்கு இரட்டைக் குழாய் வைத்த சைலன்சர். சத்தமும் கம்பீரமாக இருக்கும்படி செய்யப்பட்டது. சக்தி? அதே 120 பி.எஸ்.தான். காரைத் தயாரித்தவர்களே சத்தத்தை மாற்றியதற்காக எண்ணைக் கூட்டிச் சொல்லவில்லை!

இன்ஜினிலிருந்து புகை தடையின்றி வெளியேறினால் கொஞ்சம் சக்தி கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் அந்தக் "கொஞ்சம்" எவ்வளவு என்பதை டைனோவில் ஏற்றித்தான் அளக்க வேண்டும். டைனோ என்பது காரின் சக்கரங்களைக் கனமான உருளைகள் மீது நிறுத்தி ஓட்டிப் பார்க்கும் கருவி. உருளை எவ்வளவு கனம் என்பது தெரியும். அது எத்தனை சீக்கிரம் வேகம் பிடிக்கிறது என்று பார்த்து சக்தியைக் கணக்கிடுகிறார்கள். கியர் பாக்ஸிலும் சக்கரத்திலும் கொஞ்சம் சக்தி போய்விடுவதால், நிறுவனம் சொன்ன எண்ணைவிட இது குறைவாகத்தான் வரும். பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டியது வேறு ஒன்று. ஒரே காரை, ஒன்றும் மாற்றாமல், ஐந்து முறை ஓட்டினால் ஐந்து எண்கள் வரும். டயர் சூடு, இன்ஜின் சூடு, காற்றின் வெப்பம் எல்லாமே அதில் விளையாடும்.

சரி, எக்ஸெல்லைத் திறந்து கொள்ளுங்கள். (லிப்ரே ஆபீஸ் கால்க் இலவசம், அதிலும் இதைச் செய்யலாம்.) பி 1 செல்லில் "பழையது" என்றும், சி 1 செல்லில் "புதியது" என்றும் டைப் செய்யுங்கள். பி 2 முதல் பி 6 வரை இந்த எண்களை இடுங்கள்: 88.4, 86.9, 87.8, 89.1, 87.3. சி 2 முதல் சி 6 வரை: 89.6, 88.2, 90.1, 88.7, 89.4. இவை பயிற்சிக்காக நான் இட்ட எண்கள். எந்தக் காரையும் அளந்து எடுத்தவை அல்ல.

இப்போது பி 7-ல் கிளிக் செய்யவும். ஹோம் டேபின் வலது பக்கம், ஆங்கில எம் எழுத்தைப் படுக்க வைத்தது போல ஆட்டோசம் ஐகான் இருக்கும். அதன் அருகில் உள்ள சிறிய அம்புக்குறியை கிளிக் செய்தால் ஒரு மெனு விரியும். அதில் ஆவரேஜ் என்பதைத் தேர்ந்தெடுத்து என்டர் தட்டவும். 87.9 என வரும். பி 8-ல் இதேபோல மேக்ஸ், பி 9-ல் மின். இங்கே ஒரு எச்சரிக்கை: எக்ஸெல் தானாகவே பி 7-ல் உள்ள சராசரியையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். எனவே என்டர் தட்டும் முன் பி 2 முதல் பி 6 வரை மட்டும் மவுஸால் இழுத்துக் காட்டிவிடுங்கள். சி வரிசைக்கும் இவ்வாறே செய்தால் சராசரி 89.2 கிடைக்கும்.

வித்தியாசம் 1.3. ஆனால் பழைய சைலன்சரிலேயே அதிக எண்ணுக்கும் குறைந்த எண்ணுக்கும் நடுவே 2.2 இடைவெளி இருக்கிறதே! கடைக்காரர் பழையதில் 86.9-ஐயும் புதியதில் 90.1-ஐயும் மட்டும் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தால் "3.2 கூடியது" என்பார். 89.1-ஐயும் 88.2-ஐயும் கொடுத்தால் சக்தி குறைந்துவிட்டது போலத் தெரியும். ஆளுக்கு ஒரு பிரிண்ட் என்பது கணக்கே இல்லை. சாஃப்ட்வேர் வேலையிலும் இதே கதைதான். புரோகிராம் வேகமாகிவிட்டது என்று யாராவது சொன்னால், எத்தனை முறை ஓட்டிப் பார்த்தீர்கள் என்றுதான் முதலில் கேட்போம்.

அப்படியானால் 1.3 உண்மையா? அதற்கு ஒரே வழி, பழைய சைலன்சரைத் திரும்ப மாட்டி மறுபடி அளப்பது. மெக்கானிக் முகம் சுளிப்பார், பரவாயில்லை. டி வரிசையில் 88.9, 88.1, 89.3, 88.4, 88.8 என்று இட்டுப் பாருங்கள். சராசரி 88.7. பழைய சைலன்சரே இப்போது கூடுதலாகக் காட்டுகிறது! இடையில் இன்ஜின் நன்றாகச் சூடேறியதோ, காற்று குளிர்ந்ததோ காரணமாக இருக்கலாம். பழையதின் இரண்டு சராசரிகளுக்கும் நடு எண் 88.3. அதைக் கழித்தால் புது சைலன்சர் தந்தது 0.9. அதாவது ஒரு சதவீதம். இந்த ஒரு சதவீதத்துக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பது உங்கள் பர்ஸைப் பொறுத்தது.

பிரிண்டை வாங்கும்போது இன்னும் சிலவற்றைப் பார்க்க வேண்டும். ஒன்று, அலகு. 87.9 பி.எச்.பி. என்பதே பி.எஸ். கணக்கில் 89.1 ஆகிவிடும். ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாமல் 1.2 லாபம்! அடுத்தது, வெப்பத் திருத்தம். நம் ஊர் மே மாத மதியம் 38 டிகிரியில் அளப்பதற்கும், ஜனவரி காலையில் 27 டிகிரியில் அளப்பதற்கும் டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜினில் ஏறக்குறைய 2 சதவீதம் வித்தியாசம் வரும். இதைச் சரிசெய்ய டைனோ மென்பொருளில் எஸ்.ஏ.இ., எஸ்.டி.டி. என்று முறைகள் உண்டு. எஸ்.டி.டி. ஏறக்குறைய 4 சதவீதம் கூட்டிக் காட்டும். இரண்டு பிரிண்டிலும் ஒரே முறை இருக்கிறதா என்று பாருங்கள்.

எண்களை வைத்து சார்ட் போட்டால் எக்ஸெல்லும் சேர்ந்து ஏமாற்றும். அச்சை 87-லிருந்து தொடங்கிவிட்டால் 89.2-க்கான கம்பம் 87.9-ஐவிட இரண்டு மடங்குக்கு மேல் உயரமாகத் தெரியும். இடது பக்க எண்களில் டபுள் கிளிக் செய்து, மினிமம் என்ற இடத்தில் 0 என்று இடுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரத்துக்கு வந்துவிடும்.

டைனோவுக்குச் செலவு எதற்கு, ஒரகடம் ரோட்டில் ஓட்டிப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம் என்று தம்பி சொன்னால் விடாதீர்கள். கன்டெய்னர் லாரிகள் ஓடும் ரோடு அது. அதோடு, 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவின்படி, சத்தத்திலும் புகையிலும் விதிமீறிய வண்டியை ஓட்டினால் முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். லைசென்சும் மூன்று மாதத்துக்குப் போய்விடும். பந்தயக் கார்களுக்கு இருங்காட்டுக்கோட்டையில் தனி டிராக்கே இருக்கிறது.

பைலைச் சேமிக்கும்போது அளந்த தேதியைப் பெயராகக் கொடுங்கள். நாளைக்கு ஏர் ஃபில்டர் மாற்றலாம் என்று தம்பி கிளம்பினால், ஈ வரிசை காலியாகத்தான் இருக்கிறது.