பரணில் கிடக்கும் மானிட்டருக்கு வேலை கொடுங்கள்

ஒரு பக்கம் எக்செல், இன்னொரு பக்கம் வீடியோ மீட்டிங் என்று 14 அங்குல லேப்டாப் திரையில் மல்லுக்கட்டுகிறீர்களா? புது மானிட்டருக்குப் பணம் எடுத்துவைக்கும் முன், பழைய டெஸ்க்டாப்போடு வந்தது பரணில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மின்சாரம் மட்டும் கொடுத்துப் போட்டுப் பாருங்கள். 'நோ சிக்னல்' என்று தெளிவாக எழுத்து வந்தால் ஆள் பிழைத்திருக்கிறார். திரை மங்கி மஞ்சளடித்தால் உள்ளே விளக்குக்கு வயதாகிவிட்டது, அதற்குச் செலவழிக்க வேண்டாம்.

அடுத்து பின்பக்கம். 15 துளையுள்ள, பெரும்பாலும் நீல நிறப் போர்ட் விஜிஏ. 1987-இல் ஐபிஎம் கொண்டுவந்த அனலாக் முறை. அதைவிட அகலமாக, பெரும்பாலும் வெள்ளையாக இருப்பது டிவிஐ. இரண்டும் இருந்தால் யோசிக்காமல் டிவிஐ-யைப் பிடியுங்கள். லேப்டாப்பின் எச்டிஎம்ஐ-யிலும் மானிட்டரின் டிவிஐ-யிலும் ஓடுவது ஒரே வகை டிஜிட்டல் சிக்னல் என்பதால் சாதாரண எச்டிஎம்ஐ-டிவிஐ கேபிளே போதும், எழுத்தும் கூர்மையாக இருக்கும். ஒலியை மட்டும் லேப்டாப்பிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

விஜிஏ மட்டும்தான் என்றால் கவனம். டிஜிட்டலை அனலாக்காக மாற்ற அடாப்டருக்குள் சிப் வேண்டும். இரு முனையிலும் பின் வைத்த, சிப் இல்லாத மலிவுக் கேபிள்களும் விற்கிறார்கள், அவற்றில் படம் வராது. சிப் ஒரு திசையில்தான் வேலை செய்யும் என்பது இன்னொரு சிக்கல். 'எச்டிஎம்ஐ டு விஜிஏ'வும் 'விஜிஏ டு எச்டிஎம்ஐ'யும் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் வேறு வேறு பொருள்கள். கடையில் பெயரைச் சொல்லிக் கேட்காமல், "லேப்டாப்பில் எச்டிஎம்ஐ, மானிட்டரில் விஜிஏ" என்று சொல்லிக் கேளுங்கள்.

மெல்லிய லேப்டாப்பில் யுஎஸ்பி-சி மட்டும்தான் இருக்கிறதா? எல்லா யுஎஸ்பி-சி போர்ட்டிலும் வீடியோ வராது. பக்கத்தில் தண்டர்போல்ட்டின் மின்னல் குறியோ டிஸ்ப்ளேபோர்ட் குறியோ இருந்தால் வரும். குறி இல்லையென்றால், உங்கள் மாடலின் விவரப் பக்கத்தில் 'டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட்' என்று போட்டிருக்கிறதா பாருங்கள். இருந்தால் நேரடி யுஎஸ்பி-சி டு விஜிஏ அடாப்டர் ஒன்றே வாங்குங்கள். அடாப்டர் மேல் அடாப்டர் கோத்தால், படம் வராதபோது எது பழுது என்றே தெரியாது.

மாட்டியதும் விண்டோஸ் பொத்தானோடு பி எழுத்தை அழுத்தி 'எக்ஸ்டெண்ட்' தேர்ந்தெடுங்கள். 17, 19 அங்குலச் சதுர மானிட்டர்களுக்குப் பெரும்பாலும் 1280×1024 ரெசல்யூஷன்தான் பொருந்தும். அதை வைக்காவிட்டால் எழுத்து கலங்கும். 'அவுட் ஆஃப் ரேஞ்ச்' என்று வந்தால் ரெசல்யூஷனைக் குறைத்து, ரெஃப்ரெஷ் ரேட்டை 60 ஹெர்ட்ஸாக்குங்கள். விஜிஏ-யில் படம் ஓரம் நகர்ந்திருந்தால் மானிட்டரின் 'ஆட்டோ' பொத்தான் சரிசெய்துவிடும். காப்புரிமைப் பூட்டுள்ள ஓடிடி படங்கள் விஜிஏ வழியே கறுப்பாகத் தெரியலாம். அலுவலக நேரத்தில் அதுவும் நல்லதுக்கே.

வீடியோ போர்ட்டே இல்லாத லேப்டாப்புக்கு டிஸ்ப்ளேலிங்க் சிப் வைத்த யுஎஸ்பி அடாப்டர் உண்டு. அதற்கு டிரைவர் நிறுவ வேண்டும். கம்பெனி லேப்டாப் என்றால் முதலில் ஐடி பிரிவில் அனுமதி கேளுங்கள். விலையும் சாதாரண அடாப்டரைவிடப் பல மடங்கு. பரணில் இருக்கும் மானிட்டர் அந்தச் செலவுக்குத் தகுமா என்று யோசித்துவிட்டு வாங்குங்கள்.