எழுவாய் மறைந்து நிற்கும் ஆங்கிலத் தொடர்கள்

மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் தமிழ், மலையாளம், கொங்கணி, குஜராத்தி ஆகிய மொழிகள் அன்றாடம் ஒலிக்கின்றன. எனினும் வங்கிக்குக் கடிதம் எழுதும்போது பலரும் ஆங்கிலத்தையே நாடுகின்றனர். அக்கடிதங்களில் காலத்தைச் சுட்டும் குறுந்தொடர்கள் மிகுதியாக வருகின்றன. சுருக்கமும் மிடுக்கும் தருவதால் அவற்றை எல்லோரும் விரும்புகின்றனர். ஆனால் அவற்றுள் மறைந்து நிற்கும் எழுவாய் யார் என்பதைச் சிலரே எண்ணிப் பார்க்கின்றனர்.

‘ஆஃப்டர் ஐ சைன்டு தி ஃபார்ம்’ என்பது முழுத்தொடர். நான் படிவத்தில் கையொப்பமிட்ட பின் என்பது பொருள். இதைச் சுருக்கினால் ‘ஆஃப்டர் சைனிங் தி ஃபார்ம்’ என்றாகும். ‘ஐ’ என்னும் எழுவாய் நீங்கிற்று. வினை ‘இங்’ ஈறு பெற்றது. நீங்கிய எழுவாயைப் படிப்பவர் அடுத்து வரும் தலைமைத் தொடரிலிருந்து எடுத்துக்கொள்வார். அத்தொடர் ‘ஐ கேவ் இட் டு தி கேஷியர்’ என்று அமைந்தால், கையொப்பமிட்டவரும் காசாளரிடம் கொடுத்தவரும் ஒருவரே. சுருக்கத்தின் விதி முழுவதும் இவ்வளவே.

தமிழருக்கு இது புதிய விதியன்று. ‘செய்து’ என்னும் வாய்பாட்டு வினையெச்சம் தன் வினைமுதலின் வினையையே கொண்டு முடியும் என்று தொல்காப்பியர் வினையியலில் வகுத்திருக்கிறார். ‘கையொப்பமிட்டுக் கொடுத்தேன்’ என்றால் இரண்டையும் செய்தவர் ஒருவரே. வேறு வேறு வினைமுதல்கள் வரவேண்டுமானால் நம்மிடம் ‘செய’ என்னும் வாய்பாடு இருக்கிறது: மழை பெய்யக் குளம் நிறைந்தது. ஆங்கிலச் சுருக்கத்தை ‘செய்து’ எச்சத்தின் உறவினனாகக் கொள்ளலாம். ‘செய’ எச்சத்தின் வேலையை அது செய்யாது. ‘நான் கடை மூடி, மழை பெய்தது’ என்று நாம் எழுதுவதில்லை அல்லவா? ஆங்கிலத்திலும் அதே காது வேண்டும்.

முறையீட்டுக் கடிதம் ஒன்றில் இப்படி எழுதியிருப்பதாகக் கொள்வோம்: ‘ஆஃப்டர் இன்ஃபார்மிங் தி பேங்க், டூ டிரான்ஸாக்ஷன்ஸ் டுக் பிளேஸ்.’ வங்கிக்குத் தெரிவித்த பின் இரண்டு பணப் பரிமாற்றங்கள் நடந்தன என்பது எழுதியவரின் கருத்து. இலக்கணப்படி தலைமைத் தொடரின் எழுவாய் பரிமாற்றங்களே. ஆகவே அவையே வங்கிக்குத் தகவல் கொடுத்துவிட்டு நடந்தன என்றாகிறது! இதைப் படிப்பவர் புன்னகைத்துக் கருத்தைப் புரிந்துகொள்வார். ஆயினும் தெரிவித்தவர் கணக்குடையவரா, அவர் மகனா, எந்த நாளில், எந்த நேரத்தில் என்பவை கடிதத்தில் இல்லை.

அவை ஏன் வேண்டும்? அனுமதியற்ற மின்னணுப் பரிமாற்றங்களைப் பற்றி இந்திய ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையைப் பாருங்கள். கடவுச்சொல்லைப் பிறரிடம் சொல்லிவிட்டது போன்ற வாடிக்கையாளரின் கவனக்குறைவால் இழப்பு நேர்ந்தாலும், வங்கிக்குத் தெரிவித்த பின் நேரும் இழப்பை வங்கியே ஏற்க வேண்டும் என்று அது கூறிற்று. ஆக, ‘பின்’ என்ற ஒரு சொல்லின் இரு புறமும் பணம் நிற்கிறது. இத்தகைய இடத்தில் சுருக்கத்தைக் கைவிட்டு முழுத்தொடராகவே எழுதுவது நன்று: ‘ஐ இன்ஃபார்ம்டு தி பேங்க் அட் 10.15 ஏ.எம். ஆன் 4 மே. ஆஃப்டர் தட், டூ டிரான்ஸாக்ஷன்ஸ் டுக் பிளேஸ்.’

நகைப்புக்கு இடமளிக்கும் பிழையைவிட, பிழை என்றே தோன்றாத தொடர் அதிகத் தொல்லை தருவது. ‘ஆஃப்டர் க்ளோசிங் தி அக்கவுன்ட், தி பேங்க் சென்ட் மீ எ நோட்டீஸ்’ என்னும் தொடரில் இலக்கணக் குறை எதுவும் இல்லை. ஆனால் அது கூறுவது, வங்கியே கணக்கை முடித்துவிட்டுப் பின்னர் அறிவிப்பு அனுப்பியது என்பது. கணக்கை முடித்தவர் வாடிக்கையாளராயின், ‘ஆஃப்டர் ஐ க்ளோஸ்டு’ என்று எழுவாயை வெளிப்படையாகவே வைக்க வேண்டும்.

செயப்பாட்டு வினையையும் இவ்வாறு சுருக்கலாம். ‘ஒன்ஸ் சைன்டு’ என்றால் கையொப்பமிடப்பட்டவுடன். ‘அன்டில் பெய்ட்’ என்றால் செலுத்தப்படும் வரை. ‘வென்’, ‘ஒன்ஸ்’, ‘அன்டில்’ ஆகியவை இவ்வடிவத்தை ஏற்கும். ‘ஆஃப்டர்’, ‘பிஃபோர்’ இரண்டும் ஏற்கா. ஆகவே ‘ஆஃப்டர் சைன்டு’ என்பது வழு, ‘ஆஃப்டர் பீயிங் சைன்டு’ என்பதே சரி. ‘அஸ் சூன் அஸ் ரிசீவிங்’ என்று பலர் எழுதுகின்றனர். அதற்கு ‘ஆன் ரிசீவிங்’ என்ற எளிய வடிவம் இருக்கிறது.

இச்சுருக்கத்தின் எல்லையை மட்டாஞ்சேரியின் மிளகு வணிகர்கள் நன்கு அறிந்த ஓர் ஆவணத்தில் காணலாம். மாற்றுண்டியலில் ‘தர்ட்டி டேஸ் ஆஃப்டர் சைட்’ என்று எழுதுவது மரபு. பார்வைக்குப் பின் 30 நாள். இங்கே எழுவாயும் இல்லை, வினையும் இல்லை. யார் பார்த்த பின்? தலைமைத் தொடரைப் பார்த்தும் விடை கிடைக்காததால் சட்டமே எழுவாயை இட்டு நிரப்பியது. மாற்றுண்டியலில் ‘ஆஃப்டர் சைட்’ என்பதற்கு, அது ஏற்கப்பட்ட பின், அல்லது ஏற்க மறுக்கப்பட்டது முறைப்படி குறிக்கப்பட்ட பின் என்று பொருள் கொள்ள வேண்டும் என 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 21ஆம் பிரிவில் விளக்குகிறது.

இங்குள்ள வணிகர் ஒருவர் விருதுநகர் வணிகருக்கு மிளகு அனுப்பி, மார்ச் 1 தேதியிட்டு இத்தகைய உண்டியல் எழுதுகிறார் எனக் கொள்வோம். அது மார்ச் 10 அன்று விருதுநகரில் காட்டப்பட்டு அன்றே ஏற்கப்படுகிறது. 24ஆம் பிரிவின்படி அந்நாளை விலக்கி எண்ணினால் 30ஆம் நாள் ஏப்ரல் 9. அதனுடன் 22ஆம் பிரிவு தரும் 3 சலுகை நாள்களைச் சேர்த்தால் ஏப்ரல் 12 அன்று பணம் தரவேண்டும். அதே உண்டியலில் ‘ஆஃப்டர் டேட்’ என்று எழுதியிருந்தால் கணக்கு மார்ச் 1இலிருந்து தொடங்கி ஏப்ரல் 3இல் முடிந்திருக்கும். ஒரு சொல் மாறியதால் 9 நாள் வேறுபாடு. பெருந்தொகையாயின் அந்த 9 நாள் வட்டியும் சிறிதன்று. முதிர்வு நாள் பொது விடுமுறையாக அமைந்தால், அதற்கு முந்தைய வேலைநாளிலேயே பணம் தரவேண்டும் என்கிறது 25ஆம் பிரிவு. அடுத்த வேலைநாள் என்று எண்ணியிருப்போர் இதைக் குறித்துக்கொள்ளலாம்.